வைக்கோலை அவிப்பதா, ஆவி காட்டுவதா, சுண்ணாம்பில் ஊறப் போடுவதா? முதல் சிப்பிக் காளான் படுக்கைக்கு ஓர் ஒப்பீடு

தை அறுப்பு முடிந்து வைக்கோல் வீடு வந்து சேரும்போதுதான் இந்தக் கேள்வியும் வந்து சேர்கிறது. காளான் வித்து ஒரு பொட்டலம் வாங்கியாகிவிட்டது. பின்கட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஒருவர் "ஒரு மணி நேரம் அவித்து எடுங்க" என்கிறார். இன்னொருவர் "அடுப்பே வேண்டாம், சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போடுங்க" என்கிறார். காளான் குடில் போட்டு விற்பவர் பார்மலின் கணக்குச் சொல்கிறார். மூவருமே காளான் எடுத்தவர்கள்தான், மூவர் சொல்வதும் நடக்கிற காரியம்தான். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது மட்டும் உங்களிடம் இருக்கும் பாத்திரத்தையும், வைக்கோலையும் வித்தையும் அடுக்கிக் கட்டப்போகும் பைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் முறை, இரண்டு முதல் நான்கு பை என்றால் அண்டாவில் சுடுநீர். வாரந்தோறும் தொடரப்போகிறீர்கள் என்றால் ஆவி. ஒரே நாளில் பத்துப் பைக்கு மேல், அடுப்பும் விறகும் கட்டுப்படியாகாது என்றால் சுண்ணாம்பு. பார்மலின் போன்ற ரசாயனம் கலந்த மருந்துத் தண்ணீர் வீட்டுக்குள் வேண்டாம்.

## இந்த வேலை எதற்கு

வைக்கோலில் ஏற்கெனவே பூஞ்சண வித்துகள் குடியிருக்கின்றன. ஈரம் பட்டதும் அவை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். சிப்பிக் காளானின் இழை பை முழுக்கப் பரவ 15 முதல் 20 நாள் வேண்டும். பச்சைப் பூஞ்சணத்துக்கு அதில் கால்வாசி நாளே போதும். நாம் செய்வது காளானை முந்தி ஓடவிடும் ஏற்பாடு, அவ்வளவுதான். வைக்கோலில் உள்ள ஒவ்வோர் உயிரையும் கொல்வது நோக்கம் அல்ல. 65 முதல் 85 டிகிரி வெப்பத்தில் போட்டிப் பூஞ்சணங்கள் பெரும்பாலும் மடிந்துவிடும். வெப்பம் தாங்கும் பாக்டீரியாக்கள் கொஞ்சம் பிழைத்திருக்கும். அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு புதிய பூஞ்சணத்தை எளிதில் அண்டவிடாது. குக்கரில் முழுக்கக் கொன்ற வைக்கோல் திறந்த வீடு மாதிரி. கை படும் முதல் பூஞ்சணமே அங்கே குடியேறிவிடும். அதனால் குக்கரை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது ஈரம். தொடக்கக்காரர்களின் பைகள் கெடுவது கிருமியால் என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் கெடுவது தண்ணீர் வடியாததால்தான். ஒரு முறை முடிந்ததும் வைக்கோல் எவ்வளவு நனைந்திருக்கிறது, அதை வடிப்பது எளிதா என்பதுதான் முதல் அளவுகோல். அடுத்து பாத்திரம், அதற்கடுத்து தண்ணீரும் எரிபொருளும். கடைசியாக, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாததாக, சாப்பிடுகிறவர்களின் பாதுகாப்பு. கீழே உள்ள கணக்கெல்லாம் 1 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு, அதாவது 2 பைக்கு.

| | அண்டாவில் சுடுநீர் | ஆவி | சுண்ணாம்பு நீர் | மருந்து நீர் |
|---|---|---|---|---|
| எத்தனை பைக்கு ஏற்றது | 2–4 | 1–2 (இட்லிக் கொப்பரை), 10 வரை (டிரம்) | 10க்கு மேல் | பெரிய குடில் |
| தண்ணீர் | 20 லிட்டர் | ஊற 10, அடியில் 4 லிட்டர் | 20 லிட்டர் | 10 லிட்டர் |
| நேரம் | 4–5 மணி ஊறல் + 1 மணி + சூடேறும் நேரம் | இரவு ஊறல் + 1 முதல் 1½ மணி | 16–18 மணி | 16–18 மணி |
| எரிபொருள் | அதிகம் | நடுத்தரம் | இல்லை | இல்லை |
| பாத்திரம் | எவர்சில்வர், அலுமினியம் | கொப்பரை அல்லது இரும்பு டிரம் | பிளாஸ்டிக், சிமெண்ட் தொட்டி | பிளாஸ்டிக் டிரம் |
| ஈரம் அடங்குவது | தாமதம் | சீக்கிரம் | மிகத் தாமதம் | தாமதம் |
| முதல்முறை தவறும் இடம் | வடிக்காமல் பையில் அடைப்பது | நடுவில் ஆவி ஏறாமை | பழைய சுண்ணாம்பு | கையாளும் ஆபத்து |

## அண்டாவில் சுடுநீர்

வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டாக நறுக்கி, 4 முதல் 5 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். காய்ந்த தண்டுக்குள் காற்று நிற்கும்வரை வெப்பம் உள்ளே போகாது என்பதால் இந்த ஊறலைத் தவிர்க்கக் கூடாது. பிறகு வலைச்சாக்கில் தளர்வாக நிரப்பி, கொதிக்கத் தொடங்கிய தண்ணீரில் இறக்கி, மேலே தட்டு வைத்துக் கழுவிய அம்மிக் குழவியைப் பாரமாக வைத்துவிடுங்கள். மிதக்கிற வைக்கோல் வேகாத வைக்கோல்.

சாக்கை இறக்கியதும் தண்ணீர் சூடு சட்டென்று இறங்கும். மறுபடி 80 டிகிரி வந்த பிறகுதான் ஒரு மணி நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் தண்ணீரைப் பார்த்தே சொல்லலாம். அடியிலும் ஓரத்திலும் சிறு குமிழ் முத்து முத்தாகக் கட்டியிருக்கும், ஆவி விடாமல் எழும், ஆனால் தளதளவென்று கொதி புரளாது. அந்த நிலையிலேயே தீயைப் பிடித்து வையுங்கள். தவறிக் கொதித்துவிட்டாலும் கெட்டுப் போகாது. வைக்கோலின் சத்து தண்ணீரில் கூடுதலாக இறங்கும், தண்ணீர் தேநீர் நிறமாகும், விளைச்சல் சற்றுக் குறையலாம். பாதி நேரத்தில் சாக்கை ஒரு முறை புரட்டிப் போடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு எரிபொருள். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 85க்கு ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்த, கணக்குப் போட்டால் கால் கிலோ எரிவாயுவுக்குக் குறையாது. 14.2 கிலோ உருளையில் அது ஐம்பதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பைக்கு இது பரவாயில்லை, இருபது பைக்குத் தாங்காது. சீமைக்கருவேல விறகு எளிதாகக் கிடைக்கும் வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்தால் போதும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாமான் அறையில் கல்யாணத்துக்கு எடுத்த பித்தளை அண்டாவும் செம்புக் கிடாரமும் இருக்கும்போது அதையே எடுக்கலாமே என்று தோன்றும். ஈயம் பூசாத செம்பிலும் பித்தளையிலும் வைக்கோலை அவிக்காதீர்கள். செம்பு பூஞ்சணத்துக்கு எமன். பயிர் நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவையே மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். காளானும் ஒரு பூஞ்சணம் என்பதை மறந்துவிடக் கூடாது. எவர்சில்வரோ அலுமினியமோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி காலத்துப் பாத்திரம் கரி பிடிக்காமலும் தப்பிக்கும்.

இது சிறந்தது: முதல் முறை போடுகிறவர்களுக்கு, நான்கு பைக்குள் நிறுத்திக்கொள்பவர்களுக்கு. பிழை செய்தாலும் தாங்கும் முறை இது.

## ஆவி காட்டுதல்

இரவு ஊற வைத்து, காலையில் நன்றாக வடித்து, இட்லிக் கொப்பரையில் தட்டுக்கு மேல் தளர்வாகப் பரப்பி மூடி போடுவது. மூடி இடுக்கில் ஆவி பொங்கி வரத் தொடங்கிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். 200 லிட்டர் டிரம் என்றால் ஒன்றரை மணி நேரம், அடியில் செங்கல் அடுக்கி அதன் மேல் சல்லடைத் தகடு.

இதன் பெரிய நன்மை ஈரம்தான். ஊறிய வைக்கோல் வடிந்த பிறகே ஆவிக்குப் போவதால் தண்ணீர் கூடிப்போகும் ஆபத்து குறைவு. சத்தும் கரைந்து போவதில்லை. தண்ணீர் கம்மியான கோடையில் இதுவும் ஒரு லாபம்.

தவறும் இடம் நடுப்பகுதி. இறுக்கி அமுக்கிய வைக்கோலில் ஆவி ஓரமாகவே ஏறி வெளியே போய்விடும். நடு வெதுவெதுப்பாகவே நிற்கும், அது பூஞ்சணத்துக்கு விருந்து. அடுக்கும்போது மூன்று விரல் அகலத்துக்கு இரண்டு மூன்று குழி விடுங்கள். அடியில் தண்ணீர் வற்றுவது இன்னொரு கண்ணி. பழைய வழக்கம் போலத் தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட்டுவையுங்கள். கடகடவென்ற சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஊற்றுவது சுடுதண்ணீராக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆவி அறுந்து நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

வீட்டுக் கொப்பரை ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பைக்குத்தான் ஆகும். அதற்குமேல் வேண்டுமென்றால் டிரம்முக்குச் செலவு செய்ய வேண்டும். பழைய டிரம் வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ரசாயனம் வந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இது சிறந்தது: இரண்டு மூன்று தடவை காளான் எடுத்துப் பார்த்து, இதைத் தொடர்வது என்று முடிவு செய்தவர்களுக்கு.

## சுண்ணாம்பு நீர்

அடுப்பில்லாத முறை என்பதால் ஆசை காட்டும். வேலை செய்வது காரத்தன்மை. புதிய நீற்றிய சுண்ணாம்பு கரைந்த தண்ணீரின் பி.எச்., அதாவது கார அளவு, 12ஐத் தாண்டும். அதில் 16 முதல் 18 மணி நேரம் மூழ்கிக் கிடந்தால் போட்டிப் பூஞ்சணங்கள் ஒடுங்கிவிடும். மாலை 5 மணிக்குப் போட்டு மறுநாள் காலை 10 மணிக்கு எடுக்கலாம்.

அளவு: 20 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள். தண்ணீரில் உண்மையில் கரைவது லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவுதான். மிச்சம் அடியில் தங்கி, வைக்கோல் காரத்தை உறிஞ்ச உறிஞ்ச மெல்லக் கரைந்து ஈடுகட்டும். குழைவாக வாங்கினால் பாதி தண்ணீர்தான் என்பதால் எடையை இரட்டிப்பாக்குங்கள். ஊறலின்போது வைக்கோல் ஒரு விரற்கடை ஆழத்துக்காவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

எந்தச் சுண்ணாம்பு என்பதில்தான் இந்த முறையின் வெற்றி தோல்வி முழுவதும் இருக்கிறது. மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு அவ்வளவு காரம் தராது. கிளிஞ்சல் சுண்ணாம்பு பெரும்பாலும் கால்சியம்தான், இதற்கு நன்றாக ஒத்துவரும். வெள்ளையடிப்பதற்கென்று விற்கும் பொட்டலத்தில் பசையோ வெள்ளைச் சிமெண்டோ கலந்திருக்கலாம், தவிர்க்கவும். திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வெறும் சுண்ணாம்புக்கல் தூளாக மாறியிருக்கும். பார்க்க வெள்ளையாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. ஆரத்தி கரைப்பது போல மஞ்சளைப் போட்டுச் சிவக்கிறதா என்று பார்த்தால் காரம் இருக்கிறது என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கிவிடுங்கள். ஊற வைக்கும்போது 12, எடுக்கும்போது 11க்குக் குறையாமல் இருந்தால் சுண்ணாம்பு நல்லது.

பாத்திரம் பிளாஸ்டிக்கோ சிமெண்ட் தொட்டியோ மட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பைக் கொண்டுவந்து வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், வாளியும் உருகும். தூளாக இருந்தாலும் குழைவாக இருந்தாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இறங்க வேண்டாம். குழந்தைகள் ஓடியாடும் முற்றத்தில் இந்தத் தொட்டியை வைக்கக் கூடாது.

ஊறி எடுத்த வைக்கோலைப் பச்சைத் தண்ணீரில் அலசவும் வேண்டாம். அலசினால் புதுக் கிருமியை நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம். வடிந்து காற்றுப் படப்பட, காரம் தானே இறங்கும். ஆனாலும் முதல் சில நாள் வித்து மந்தமாகவே ஓடும். அதனால் பைக்கு வித்தைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கிறது. எரிபொருளில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு வித்துச் செலவில் போய்விடுகிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஆத்தங்குடித் தரை உள்ள வீடுகளில் இன்னொரு கவனம். சுண்ணாம்பு நீர் சொட்டிக் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் படலத்தோடு ஓட்டின் பளபளப்பும் போகும், அவை சிமெண்ட் ஓடுகள். ஈரம் காயுமுன் துடைத்துவிடுங்கள், அல்லது இந்த வேலையை வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தண்ணீரை அப்படியே செடிகளுக்கு ஊற்றவும் கூடாது.

இது சிறந்தது: ஒரே நாளில் பத்து, இருபது பை போடுகிறவர்களுக்கு, நல்ல சுண்ணாம்பு கையில் உள்ளவர்களுக்கு.

## மருந்து நீர்

பெரிய குடில்களில் 10 கிலோ வைக்கோலுக்கு 100 லிட்டர் தண்ணீர், 125 மி.லி. பார்மலின், 7.5 கிராம் கார்பண்டசிம் (பூஞ்சணக்கொல்லி) என்ற அளவில் 16 முதல் 18 மணி நேரம் மூடி ஊற வைப்பார்கள். ஒரே சீராக வேலை செய்யும் முறை. ஆனால் பார்மலின் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலிலும் அது இருக்கிறது. வீட்டுக்காரர்கள் தங்கள் குழம்புக்காக வளர்க்கும் இரண்டு பைக்கு இதைத் தொட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

## எல்லா முறைக்கும் பொதுவான மூன்று மணி நேரம்

எந்த வழியில் போனாலும், அடுத்த மூன்று மணி நேரத்தில்தான் பை பிழைப்பதும் கெடுவதும். சாக்கைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் வடியுங்கள். பிறகு சுத்தமான துணியில் அல்லது டெட்டால் நீரில் துடைத்த தார்ப்பாயில் நிழலில் பரப்புங்கள். மின்விசிறி போடக் கூடாது, அது தூசியைத்தான் இறக்கும். தெருத் திண்ணையும் வேண்டாம். கார்த்திகையில் ஆற நேரம் பிடிக்கும், மாசிக் கடைசியில் கவனிக்காவிட்டால் மேல் வைக்கோல் சருகாகிவிடும்.

ஈரத்தைப் பார்க்க ஒரு பிடி எடுத்து முழுப் பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்து நிற்க வேண்டும். தாரையாக ஓடினால் இன்னும் ஆற வேண்டும். கையில் ஈரமே படாவிட்டால் காய்ந்துவிட்டது. தராசு இருந்தால் இன்னும் உறுதி: 1 கிலோ காய்ந்த வைக்கோல் இப்போது 2.5 முதல் 3 கிலோவுக்குள் இருந்தால் சரி. மூன்றரையைத் தொட்டால் பையில் போடாதீர்கள். சூட்டையும் பாருங்கள். உள்ளே கை விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சுடு வைக்கோலில் விழுந்த வித்து வெந்துவிடும்.

பை 60 x 30 செ.மீ. ஒரு பைக்கு அரைக் கிலோ காய்ந்த வைக்கோல், 125 முதல் 150 கிராம் வித்து. 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோல், ஓரத்தைச் சுற்றி 25 கிராம் வித்து, மீண்டும் வைக்கோல் என்று அடுக்கி, அமுக்கிக் கட்டுங்கள். நடுவில் 1 செ.மீ. அளவில் இரண்டு துளை. இருட்டான அறையில் தொங்கவிட்டால் 15 முதல் 20 நாளில் பை வெள்ளையாகும். பிறகு பையைக் கீறி, சணல் சாக்கை நனைத்துச் சுற்றித் தொங்கவிட்டு ஈரக் காற்றைக் காக்க வேண்டும். ஓரம் சுருளத் தொடங்குமுன் பறித்துவிடுங்கள். அரைக் கிலோ வைக்கோலுக்கு மூன்று பறிப்பில் சேர்த்து அரைக் கிலோ காளானை நெருங்கினால் முதல் முறைக்கு நல்ல விளைச்சல்.

அறை பின்கட்டில் இருக்கட்டும், படுக்கும் அறையில் வேண்டாம். முதிர்ந்த காளான் உதிர்க்கும் வித்துத் தூள் இருமலும் மூச்சுத் தொல்லையும் தரும். ஈரச் சாக்கு பழைய மர நிலைகளிலும் உத்திரத்திலும் உரசாமல் தனிக் கம்பியில் கட்டுங்கள்.

பருவமும் முடிவை மாற்றும். ஐப்பசியிலிருந்து மாசிவரை எந்த முறைக்கும் செட்டிநாட்டு வானிலை ஒத்துழைக்கும். சித்திரை, வைகாசியில் அறை 32 டிகிரிக்கு மேல் நின்றால் வெள்ளை ரகங்கள் சோர்ந்துவிடும். அப்போது போட்டே ஆக வேண்டும் என்றால், அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய ஏ.பி.கே.1 போன்ற இளஞ்சிவப்பு ரகத்தைக் கேளுங்கள். வித்து, பயிற்சி பற்றி விசாரிக்கக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில் இருக்கிறது.

## பச்சை எங்கே பிடித்தது என்று பாருங்கள்

ஒரு பை கெட்டதும் முறையையே மாற்றிவிடுகிறவர்கள் அதிகம். பையை வெளியே எடுத்துச் சென்று, திறப்பதற்கு முன் கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

துளையைச் சுற்றி மட்டும் பச்சை என்றால் கையோ அறையோ சுத்தமில்லை. அவித்ததில் குறையில்லை, முறையை மாற்ற வேண்டாம். வித்து மணிகளைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாகப் பச்சை என்றால் வித்தே கெட்டது. வாங்கும்போது தானியம் முழுக்க வெள்ளை பூத்திருக்கிறதா, மஞ்சள் நீர் கட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பையின் நடுவில் திட்டாகப் பச்சை என்றால்தான் அவித்தல் தவறு: ஆவி என்றால் இறுக்கம், சுடுநீர் என்றால் புரட்டாதது, சுண்ணாம்பு என்றால் மிதந்த வைக்கோல் அல்லது செத்த சுண்ணாம்பு. அடியில் பழுப்பு நீர் தேங்கிப் புளித்த வாடை வந்தால் ஈரம் கூடிவிட்டது. நீளக் காம்பும் சாம்பல் நிறத் தொப்பியுமாக முளைத்து ஒரே நாளில் மை போலக் கரையும் காளான் வந்தால், மழையில் நனைந்து கறுத்த வைக்கோலைச் சேர்த்திருக்கிறீர்கள், அல்லது வேக்காடு போதவில்லை. அதைச் சாப்பிடக் கூடாது, பிடுங்கி எறிந்துவிட்டு மீதிப் பையைக் காப்பாற்றலாம்.

பச்சை உள்ளங்கை அளவைத் தாண்டிய பையை அறையில் வைத்துக்கொண்டு தேறுமா என்று பார்க்காதீர்கள். அவிழ்க்காமல் கொல்லைக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டி மூடிவிட்டு, அறையைத் துடைத்து, இரண்டு நாள் கழித்து அடுத்த வைக்கோலை ஊறப் போடுங்கள்.